கனவை ஆட்டமாக்கியவர்கள்

*சொந்தக் கனவையும் சொந்தத் துயரத்தையும் வீடியோ கேமாகச் செய்யும் கலைஞர்கள் உலகெங்கும் பெருகிவருகிறார்கள். கேம் தொழில் வேரூன்றிய ஐதராபாத்தில், ராமச்சந்திராபுரம் போன்ற ஒரு ஊரிலிருந்து அப்படி ஒரு கேம் எப்போது வரும்?*

ஐதராபாத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ராமச்சந்திராபுரம். ஊரின் நடுவே தேசிய நெடுஞ்சாலை 65 ஓடுகிறது. மேற்கே போனால் படான்செருவில், 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்; அதையும் தாண்டினால் கந்தியில் ஐ.ஐ.டி. எதிர்ப்பக்கம் லிங்கம்பள்ளியைக் கடந்தால் கச்சிபௌலி, மாதாப்பூர் என்று ஐ.டி. வளாகங்கள். ஆனால் ஊருக்கு முகவரி தந்தது பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலைதான். செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு 1960-களில் எழுந்த ஆலை. திருச்சி அருகே உள்ள நம் திருவெறும்பூர் பெல்லும் அதே நாட்டின் கைகொடுப்பில், அதே காலத்தில் வந்ததுதான். தாத்தா டர்பைன் செய்தார், அம்மா மென்பொருள் எழுதுகிறார், பேரன் கேம் செய்ய ஆசைப்படுகிறான் என்று மூன்று தலைமுறையை ஒரே வீட்டில் பார்க்கக்கூடிய ஊர் இது.

பேரனின் ஆசைக்கு வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு ஐதராபாத்தில் ஸ்டுடியோ உண்டு. அனிமேஷனுக்கும் கேமுக்கும் என்றே தெலங்கானா அரசு 2016-ல் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய கேம் உருவாக்குநர்களின் ஆண்டு மாநாடு பல வருடங்கள் இந்த நகரத்தில்தான் கூடியது. 2025-ல் சென்னைக்கு வந்தது. வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, திறமைக்கும் குறைவில்லை.

ஆனால் இங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி, வேறெங்கோ உட்கார்ந்து யாரோ யோசித்த கேமுக்கு மரம் வரைவதும், முகம் செதுக்குவதும், பிழை பார்ப்பதும்தான். மரியாதையான உழைப்பு அது. கேள்வி வேறு. இந்தக் கைகள் தங்கள் சொந்தக் கனவை எப்போது வரையப்போகின்றன?

'கனவு' என்பதை இங்கே லட்சியம் என்ற பொருளில் சொல்லவில்லை. ராத்திரி தூக்கத்தில் வருகிறதே, அந்தக் கனவைத்தான் சொல்கிறேன். அதையே மூலப்பொருளாக வைத்து கேம் செய்தவர்கள் இருக்கிறார்கள். வீடியோ கேமை ஒரு கலையாக மதிக்கலாமா என்ற சந்தேகம் இன்னும் யாருக்காவது இருந்தால், அவர்களுடைய கதையைக் கேட்கட்டும்.

பத்து வருடக் கனவு நோட்டு

ஜப்பானில் அஸ்மிக் ஏஸ் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிரோகோ நிஷிகாவாவுக்கு ஒரு பழக்கம். கண்ட கனவுகளை எழுதிவைப்பார். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதினார். அந்த நோட்டுகளை வைத்து ஒசாமு சாட்டோ என்ற ஓவியரும் இசைஞருமான கலைஞர் உருவாக்கியதுதான் 'எல்.எஸ்.டி: ட்ரீம் எமுலேட்டர்'. 1998 அக்டோபரில் ஜப்பானில் மட்டும், பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்தது.

அதில் எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. நீங்கள் நடக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரு ஜப்பானியக் கிராமம். வழியில் ஒரு சுவர். அதில் மோதினால் அடுத்த நொடி வேறெங்கோ நிற்கிறீர்கள். மிருகத்தைத் தொட்டாலும், மனிதரைத் தொட்டாலும் அப்படித்தான். பள்ளத்தில் விழுந்தால் விழிப்பு வந்துவிடும். சில இரவுகளில் சாம்பல் நிறத்தில் ஒரு மனிதர் எதிரே வருவார். அவர் நெருங்கினால் கண்முன் ஒரு மின்னல் அடிக்கும். பார்த்த கனவுகளைத் திருப்பிப் பார்க்கும் வசதி அத்தோடு போய்விடும். நாட்கள் போகப்போக அதே கிராமத்தின் சுவர்களும் தரையும் வேறு நிறம், வேறு கோலம் பூணும். தெரிந்த இடம், ஆனால் தெரிந்த மாதிரி இல்லை. கனவில் நம் பழைய பள்ளிக்கூடம் வரும்போது இருக்கும் அந்த உணர்வு அப்படியே கிடைக்கும்.

ஆறு வருடம் கழித்து, 2004-ல், கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் 'யுமே நிக்கி' என்ற கேமை இணையத்தில் இலவசமாகப் போட்டார். கனவு நாட்குறிப்பு என்று பொருள். கிகியாமா யார் என்று இன்றுவரை வெளியே தெரியாது. 'ஆர்.பி.ஜி. மேக்கர் 2003' என்ற மென்பொருளில் தனி ஆளாகச் செய்தது. மடோட்சுகி என்ற பெண் தன் அறையிலேயே அடைந்து கிடக்கிறாள். கதவருகே கொண்டுபோய் நிறுத்தினால் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு டி.வி., வெளியே ஒரு பால்கனி. தூங்கினால் மட்டும் அவளுக்கு வெளியுலகம் திறக்கும். கனவில் அதே கதவைத் தாண்டிப் போவாள். போன இடங்களில் குடை, சைக்கிள், கத்தி என்று 24 பொருள்களைச் சேகரிப்பாள். எழ வேண்டுமானால் தன் கன்னத்தைத் தானே கிள்ளிக்கொள்வாள்.

கேம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆடி முடிக்கும்போது அவள் தனிமையின் கனம் நமக்குத் தெரிந்திருக்கும். பெரிய நிறுவனம் இல்லை, விளம்பரம் இல்லை. பின்னால் வந்த எத்தனையோ இண்டி கேம்கள், அதாவது சுயாதீன கேம்கள், இந்த ஒற்றை அறையிலிருந்து கிளம்பியவைதான்.

கனவுக்கும் கேமுக்கும் என்ன உறவு?

சினிமாவிலும் கனவுக் காட்சிகள் உண்டு. ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள். கனவுக்குள் யாரும் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஓடுகிறோம், தேடுகிறோம், கதவைத் தள்ளுகிறோம். நாம் செய்கிறோம், ஆனால் நடப்பது நம் கையில் இல்லை. செய்கையும் கையறுநிலையும் சேர்ந்த இந்த அனுபவத்தைக் கதையோ ஓவியமோ விவரிக்கத்தான் முடியும். கேம் அதை நம்மைச் செய்யவைக்கிறது.

உறவு எதிர்த்திசையிலும் உண்டு. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் 2000-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'டெட்ரிஸ்' கேமைச் சிலருக்கு ஆடக் கொடுத்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டைகள் மேலிருந்து விழுவது தெரிகிறது என்று பலரும் சொன்னார்கள். அவர்களில் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளே தங்காதவர்களும் இருந்தார்கள். கேம் ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் விழும் வடிவங்கள் கண்ணில் வந்தன. நினைவு கைவிட்டதைக் கனவு பிடித்துவைத்திருந்தது. மனதின் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கக்கூடிய ஒரு ஊடகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைப்பது பெரிய இழப்பு.

அப்பா என்ற பூதம்

கனவின் மொழியில் சொந்த வாழ்க்கையைச் சொன்ன கேம்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பாப்போ அண்ட் யோ'. அதைச் செய்த வாண்டர் கபாயேரோ கொலம்பியாவில் வளர்ந்தவர். அப்பா குடிநோயாளி. கனடாவின் மான்ட்ரியலில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஸ்டுடியோவில் பெரிய கேம்களில் வேலை பார்த்தவர், அதை விட்டு வெளியே வந்து சிறிய குழுவோடு இந்த கேமைச் செய்தார். 2012-ல் வெளிவந்தது.

கிகோ என்ற சிறுவன் குடிகார அப்பாவுக்குப் பயந்து ஒளிகிறான். ஒளிந்த இடத்திலிருந்து ஒரு கனவு ஊருக்குள் நுழைகிறான். மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் குடிசை வீடுகள். அவன் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கினால், தூரத்தில் ஒரு வீடே மேலெழும்புகிறது. வீடுகளை வரிசையாக வைத்துப் பாலம் கட்டி நடக்கிறான். கூடவே ஒரு பூதம் வருகிறது. சாதுவான பூதம். அதன் தொப்பையில் ஏறிக் குதித்து விளையாடலாம். ஆனால் தவளையைக் கண்டால் அதற்கு அடக்க முடியாது. தின்றுவிட்டால் உடம்பெல்லாம் தீப்பற்றிச் சிறுவனையே தூக்கி அடிக்கும். வெறி தணிந்ததும் மறுபடி சாது.

குடிக்கும் அப்பாவோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இந்தப் பூதம் இருக்கிறது! அன்பும் பயமும் ஒரே ஆளிடம் இருப்பதைச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வார்த்தை கிடைப்பதில்லை. கபாயேரோ வார்த்தையைத் தேடாமல் விதிகளைத் தேடினார். தவளை வந்தால் என்ன ஆகும் என்பது ஒரு விளையாட்டு விதி. அதற்குள் தன் பிள்ளைப் பருவம் முழுவதையும் வைத்துவிட்டார்.

அமெரிக்காவின் ரயான் கிரீன், ஏமி கிரீன் தம்பதியின் கதை இன்னும் கடினமானது. மகன் ஜோயலுக்கு ஒரு வயதிலேயே மூளைப் புற்றுநோய். சில மாதங்கள்தான் என்றார்கள் மருத்துவர்கள். அவன் மேலும் நான்கு ஆண்டுகள் இருந்தான். 2014 மார்ச்சில், ஐந்து வயதில் போனான். அவன் இருக்கும்போதே தொடங்கிய 'தட் டிராகன், கேன்சர்' என்ற கேம் 2016 ஜனவரியில் வந்தது.

அதில் ஒரு மருத்துவமனை இரவு. குழந்தை தாகத்தில் அழுகிறது. குடித்தாலும் உடம்பில் தங்குவதில்லை. ஆடுபவர் அப்பாவின் இடத்தில் இருக்கிறார். தூக்கிவைத்துப் பார்க்கலாம், ஆட்டிப் பார்க்கலாம், ஜூஸ் கொடுத்துப் பார்க்கலாம். எதுவும் பலிக்காது. பட்டனை அழுத்தினால் பலன் கிடைக்கும் என்பது கேமின் அடிப்படை. அந்த அடிப்படையையே இங்கே எடுத்துவிட்டார்கள். ரயான் தன் மகனோடு உண்மையில் கழித்த ஓர் இரவிலிருந்து பிறந்த காட்சி அது. ஒரு தகப்பனின் இயலாமையை நம் விரலுக்கே தெரியவைத்த இப்படி ஒரு காட்சியை வேறு எந்தக் கலையிலும் நான் கண்டதில்லை.

துயரம் மட்டும்தான் பொருள் என்றில்லை. 2025-ல் வந்த 'டெஸ்பெலோட்டே', எக்வடார் நாட்டின் ஹூலியன் கோர்டேரோ தன் சிறுவயதை வைத்துச் செய்தது. எக்வடார் முதன்முறையாக உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதிபெறப் போராடிய 2001-ம் ஆண்டு. தலைநகர் கீட்டோவின் ஒரு பூங்கா. எட்டு வயதுப் பையன் ஒருவன் பந்தை உதைத்துக்கொண்டு திரிகிறான். சுற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உலக கேம் வரைபடத்தில் எங்கோ மூலையில் இருந்த நகரம், ஒரு பையனின் நினைவால் உலகத்துக்கே தெரிந்த இடமானது.

சாலாவிலிருந்து டொராண்டோ வரை

இந்தியாவில் இந்தக் கலையின் மிகத் துணிச்சலான பெயர் ஸ்டுடியோ ஓலியோமிங்கஸ். மும்பையோ பெங்களூரோ அல்ல. குஜராத்தில் வாப்பிக்கு அருகே உள்ள சாலா என்ற சிற்றூர்தான் அதன் இருப்பிடம். துருவ் ஜானி நடத்துவது. மீர் உமர் ஹசன் என்று ஒரு குஜராத்தி எழுத்தாளரைக் கற்பனையாக உருவாக்கி, அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கதைகளையே கேம்களாகச் செய்கிறார்கள்.

2018-ல் வந்த 'எ மியூசியம் ஆஃப் டூபியஸ் ஸ்ப்ளெண்டர்ஸ்' ஓர் அருங்காட்சியகத்துக்குள் நம்மை நடக்கவிடுகிறது. வீட்டுச் சாமான்கள் பிரம்மாண்டமாக அறையை அடைத்து நிற்கின்றன; பக்கத்திலேயே கதை எழுதியிருக்கிறது. 'தி இன்டிஃபரன்ட் வொண்டர் ஆஃப் ஆன் எடிபிள் பிளேஸ்' என்ற கேமில், கட்டடங்களைத் தின்பது வேலையாகக் கொண்ட ஒருவர் வருகிறார். நகராட்சிக்காக ஒரு கோபுரத்தைத் தின்று தீர்க்க வேண்டும். படிக்கும்போது விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் நினைவைக் கட்டடத்தோடு சேர்த்து விழுங்கிவிடும் காலத்தில், அந்தக் கனவின் அர்த்தம் இந்தியர்கள் யாருக்கும் புரியும்.

கோவாவில் ரியா குப்தே, பிரதீக் சக்சேனா இருவரும் 'ஃபிஷ்பௌல்' என்ற கேமைச் செய்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் புது ஊரில் தனியாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் 21 வயது ஆலோவின் கதை. பாட்டியை இழந்த துக்கத்தோடு, பாட்டியின் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை மீன் ஒன்று அவளுக்குத் துணையாகிறது.

தமிழர்களுக்கு நெருக்கமானது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ், அபி என்ற தமிழ் இளைஞரின் வழிகாட்டலில் செய்தது. 2023 ஜூலையில் வந்தது. இது கனவு கேம் அல்ல, சமையலறை கேம். 1988-ல் கனடாவில் வெண்பா, பாவலன் தம்பதி. பிறகு மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது துளைகள் நேருக்குநேர் வராமல் திருப்பி வைத்தால்தான் ஆவி எல்லா இட்லிக்கும் போகும். நம் அம்மாக்கள் யோசிக்காமல் செய்யும் காரியத்தை உலகம் முழுக்க ஆடியவர்கள் ஒரு புதிராக அவிழ்த்தார்கள். 2024-ல் சுயாதீன கேம் விழாவின் உச்சப் பரிசும், சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. சொந்த வீட்டு விஷயத்தை அயலார் ரசிப்பார்களா என்று தயங்கும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய பதில் கிடையாது.

நம்மிடம் இல்லாத கனவா?

இப்படிக் கனவின் தர்க்கத்தில் இயங்கும் கலையை, அதாவது மீயதார்த்தத்தை, ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரம் கனவுகளால் கோக்கப்பட்ட காவியம். வரப்போகும் கேட்டைக் கண்ணகி கனவில் கண்டு தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். மதுரை எல்லையில் கோவலன் தான் கண்ட கனவை மறையவன் மாடலனிடம் சொல்கிறான். அதில் அவன் ஆடை பறிக்கப்பட்டுக் கொம்புள்ள விலங்கின்மேல் ஏறிப்போகிறான். பாண்டிமாதேவி கோப்பெருந்தேவியின் கனவில் செங்கோல் சாய்கிறது, பகலில் விண்மீன் விழுகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது. நடக்கப்போவதைக் கதை மாந்தர்கள் முதலில் கனவாகத்தான் அனுபவிக்கிறார்கள்.

ஆண்டாள் ஒரு படி மேலே போகிறார். திருமாலோடு தனக்கு நடந்த திருமணத்தை, தான் கண்ட கனவாக, தன் தோழியிடம் சடங்கு சடங்காகச் சொல்கிறார். தன்வரலாறும் கனவும் கலந்த படைப்பு என்று இன்று உலகம் கொண்டாடுவதை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இளம்பெண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார். இந்த மரபு தெரிந்த கைகளில் ஒரு கேம் எஞ்சினையும், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருளையும், கொடுத்தால் என்ன வரும் என்பதுதான் என் ஆர்வம்.

ராமச்சந்திராபுரத்தையே எடுத்துக்கொள்வோம். பெல் ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படிப்பட்ட கனவு வரும்? ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ராத்திரி தன் வீடு என்று நினைத்துக் கதவைத் திறக்கிறான். அதே கூடம், அதே ஜன்னல். ஆனால் உள்ளே வேறு குடும்பம், வேறு மொழி. தெலுங்கில் ஒரு வீடு, தமிழில் ஒரு வீடு, உருதுவில் ஒரு வீடு, ஒரியாவில் ஒரு வீடு. அவனுக்கு எந்த மொழி வருகிறதோ அந்த வீட்டில்தான் சோறு கிடைக்கும். ஷிஃப்ட் சங்கு ஊதினால் வீடுகள் இடம் மாறிவிடும். அப்பா வேலை செய்யும் டர்பைனுக்குள் ஒரு தெரு போகிறது. ஓய்வு பெற்ற நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய வீட்டை அவன் கடைசிவரை தேடுகிறான். பொதுத்துறை நகரியத்தில் வளர்ந்த லட்சக்கணக்கான இந்தியர்களுக்குச் 'சொந்த ஊர்' என்று கைகாட்ட ஒரு வீடு மிஞ்சுவதில்லை. அந்த வலியைச் சொல்ல ஒரு கேமைவிடப் பொருத்தமான வடிவம் எது? இதை வெளிநாட்டுக்காரர் யாரும் செய்யமாட்டார். அந்தக் குவார்ட்டர்ஸில் தூங்கியவர்தான் செய்ய வேண்டும்.

என்ன தடை?

முதல் தடை, பெயர்க்குழப்பம். நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்றாலே ரம்மியும் கடனும் தற்கொலையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பயம் நியாயமானது. அதற்காகவே தமிழ்நாட்டின் தடைச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆனால் சூதாட்டமும் 'வெண்பா'வும் ஒரே சொல்லுக்குள் அடைபடுவது கலைக்குச் செய்யும் அநீதி. மஞ்சள் பத்திரிகைக்குப் பயந்து நாவலைத் தடைசெய்ய யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது தடை, பணமும் காலமும். கனவு கேம்கள் கோடிகளைக் குவிப்பவை அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே இரவிலும் விடுமுறையிலும் செய்ய வேண்டியிருக்கும். மாநில அரசுகள் வரிச்சலுகையையும் கட்டடத்தையும் பற்றிப் பேசுகின்றன. ஓர் எழுத்தாளருக்கு நல்கை தருவதுபோல, ஒரு சிறு கேம் கலைஞருக்கும் ஓராண்டு உதவித்தொகை தந்தால் போதும், பலன் தெரியும்.

மூன்றாவது, மொழி. தமிழில் ஆடக்கூடிய நல்ல கேம்கள் மிகக் குறைவு. கனவு தாய்மொழியில் வருகிறது. கேம் ஆங்கிலத்தில் பேசினால் பாதி உயிர் போய்விடுகிறது.

தொடங்க என்ன வேண்டும்?

• ஒரு நோட்டு: விழித்தவுடன், போனைத் தொடுவதற்கு முன் கனவை எழுதுங்கள். நிஷிகாவாவின் முதலீடு இதுதான்.

• ட்வைன்: 2009-ல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய இலவச மென்பொருள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கிளைபிரியும் கதை கேம்களைச் செய்யலாம். தமிழ் எழுத்திலேயே எழுதலாம்.

• கோடோ: அர்ஜென்டினாவில் பிறந்த கேம் எஞ்சின். 2014 முதல் திறமூலம். கட்டணமோ உரிமத்தொகையோ கிடையாது.

• இட்ச்.ஐஓ: செய்து முடித்ததை இலவசமாகவோ விலைக்கோ போடலாம். ஓலியோமிங்கஸின் கேம்களும் அங்கே இருக்கின்றன. 'யுமே நிக்கி' இன்றும் ஸ்டீம் தளத்தில் இலவசம்.

• ஓர் அறை: கிகியாமா காட்டியது ஓர் அறையைத்தான். முதல் கேமுக்கு ஒரே ஓர் இடமும் ஒரே ஒரு விதியும் போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேம் செய்கிறேன் என்றால், 'எந்தக் கம்பெனியில்?' என்று கேட்பதற்கு முன், 'எதைப் பற்றி?' என்று கேளுங்கள். கல்லூரி ஆசிரியர்களே, இறுதியாண்டு புராஜெக்டுக்கு இன்னொரு கார் பந்தய கேமை ஏற்றுக்கொள்வதைவிட, மாணவரின் பாட்டி வீட்டைப் பற்றி ஒரு கேம் செய்யச் சொல்லுங்கள். ராமச்சந்திராபுரத்திலிருந்தோ திருவெறும்பூரிலிருந்தோ ஒரு பிள்ளை தன் கனவை கேமாகச் செய்து வெளியிட்டால், வாசகர்களே, அதை விலை கொடுத்து வாங்கி ஆடிப்பாருங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். நம் கனவுகளை நாம் ஆட்டமாக்காவிட்டால், நம் பிள்ளைகள் காலமெல்லாம் அடுத்தவர் கனவுக்குள்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.